படகில் எடுத்த படம் யார் கையில் இருக்க வேண்டும்?

தங்கு கடல் தொழிலுக்குப் போன விசைப்படகு திரும்பும்போது, துறைமுகம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே போன்களில் டவர் வந்துவிடும். பத்துப் பதினைந்து நாட்களாகச் சேர்ந்த படங்கள் படகை விட்டு வெளியேறுவது அந்த நேரத்தில்தான். கொஞ்சம் ஆட்கள் அனுப்பிப் போகும். மிச்சம் யாரும் அனுப்பாமலே போகும். கூகுள் போட்டோஸில் தானாகச் சேமிக்கும் வசதி திறந்திருந்தால் நெட் கிடைத்த உடனே எல்லாப் படமும் மேலேறிவிடும். போனில் இருப்பது யாருடைய கூகுள் கணக்கு என்பதே பலருக்குத் தெரியாது. வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்ததாக இருக்கலாம், வீட்டில் பிள்ளை பள்ளிக்கூட வேலைக்குத் திறந்ததாக இருக்கலாம். அந்தக் கணக்கு வேறு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் படம் தெரியும்.

ஆகவே படகுப் படங்களுக்கான ஏற்பாட்டைக் கரைக்கு வந்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடுகிறது. கிளம்பும் முன்பே மூன்று விஷயம் முடிவாகியிருக்க வேண்டும்: எந்தப் படம் யாருக்குப் போகலாம், கை வைக்காத மூலப்படம் யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும். என் கருத்தில் இதன் அடிப்படை, மூலப்படமும் பகிரும் படமும் வெவ்வேறு கோப்புகளாக இருப்பது. ஆட்களின் தனியுரிமைக்காகவும் தொழில் ரகசியத்துக்காகவும் படத்துக்குள் இருக்கும் விவரங்களை நீக்க வேண்டும். காப்பீட்டுக்கும் வழக்குக்கும் அதே விவரங்கள் அப்படியே இருக்க வேண்டும். ஒரே கோப்பை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் செய்ய முடியாது.

படத்துக்குள் இருக்கும் இடம்

போன் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால், ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் மறைந்திருக்கும் ‘எக்ஸிஃப்’ என்ற விவரப் பகுதியில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், போனின் மாடல் எல்லாம் எழுதப்படும். திறந்த வானத்தின் கீழ் இது சில மீட்டர் துல்லியத்தில் இருக்கும். மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டைத்தான் பார் என்கிறோம்; ஒரு பாரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பல வருட டீசலும் அனுபவமும் செலவாகியிருக்கும். வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்த ஒரே படம் அதை அடுத்த படகுக்குக் கொடுத்துவிடும்.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போது எக்ஸிஃப் விவரம் போய்விடும். அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் ஒரு எழுத்துகூடக் குறையாமல் போகும். ‘தெளிவாக வேண்டும், டாக்குமென்டாப் போடுங்க அண்ணே’ என்று வியாபாரி கேட்பது வழக்கம். அப்போது இடமும் சேர்ந்துதான் போகிறது. மின்னஞ்சல், புளூடூத், பென்டிரைவ் மூன்றிலும் இதே கதை.

ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்கில் ‘லொகேஷன் டேக்’ அல்லது ‘சேவ் லொகேஷன்’ என்று இருப்பதை அணைக்கலாம். ஐபோனில் படத்தைப் பகிரும் திரையின் மேலே ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு, லொகேஷனை அந்தப் பகிர்வுக்கு மட்டும் அணைக்கலாம். நான் சொல்லும் முறை வேறு: படகை ஓட்டும் தலைவரான ஸ்ராங்கின் போனில் மட்டும் இருப்பிடப் பதிவு திறந்திருக்கட்டும், மற்ற எல்லாப் போனிலும் கேமராவுக்கு இருப்பிட அனுமதியே வேண்டாம். ஆதாரத்துக்கு வேண்டிய படம் ஸ்ராங்கின் போனில் எடுக்கப்படும். வேடிக்கைக்கும் வீட்டுக்கும் எடுப்பது மற்ற போன்களில். மூலமும் பகிர்வும் இப்படிப் படகிலேயே பிரிந்துவிடும்.

எக்ஸிஃபை நீக்கியதும் இடம் மறைந்துவிட்டது என்று நம்பக் கூடாது. கேபினில் எடுத்த செல்ஃபியில் பின்னால் ஜிபிஎஸ் திரை இருக்கும். பெரிதாக்கினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் படிக்கலாம். எக்கோ சவுண்டர் திரையில் ஆழம் தெரியும். கரையோரத் தொழிலில் தொடுவானத்தில் மலை, கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், காற்றாலை ஏதாவது விழும். கரையில் இரண்டு குறிகளைச் சேர்த்துப் பார்த்து இடம் பிடிப்பது நம் கடற்கரையின் பழைய வித்தை. அது தெரிந்தவருக்கு எண்ணே தேவையில்லை. மீனைப் படம் எடுப்பவர் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து, தளத்தில் அளவுகோலோடு வைத்து எடுத்தால் தொடுவானமும் வராது, முகமும் வராது, மீனின் நீளமும் கிடைக்கும்.

வீடியோவில் இன்னொரு ஓட்டை உண்டு. இருப்பிடம் வீடியோக் கோப்பிலும் பதியும் என்பது ஒரு பக்கம். ஒலி இன்னொரு பக்கம். பக்கத்துப் படகோடு வயர்லெஸ்ஸில் ஸ்ராங்கு எண் சொல்லிக்கொண்டிருப்பது பின்னணியில் தெளிவாகக் கேட்கும். ஐபோனின் லைவ் போட்டோ அசையாப் படம் போலத் தெரிந்தாலும், பொத்தானை அழுத்தும் முன்னும் பின்னும் ஒன்றரை விநாடி காட்சியையும் ஒலியையும் சேர்த்தே வைத்திருக்கும். ஆண்ட்ராய்டின் மோஷன் போட்டோவும் அதே வகை. கடலில் இரண்டையும் அணைத்துவைப்பது நல்லது.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கேட்பதால் பலர் ‘ஜிபிஎஸ் மேப் கேமரா’ வகைச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை எண்ணைப் படத்தின் மேலேயே அச்சிட்டுவிடும். எக்ஸிஃபை அழித்தாலும் அது போகாது. துறைமுகத்தில் கட்டி நிறுத்திய படகைக் காட்டுவதற்கு அது சரி. கடலில் அந்தச் செயலியைத் திறக்க வேண்டாம்.

எண் தப்பாகும் இடங்கள்

படத்தில் உள்ள இடமும் நேரமும் எப்போதும் உண்மை என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அது எப்படித் தவறும் என்று தெரிந்திருப்பது படகுக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு, குறிப்பாகப் பாக் நீரிணையில்.

கரையில் இருக்கும்போது போன், செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தை நெட் மூலம் நொடியில் வாங்கிக்கொள்ளும். டவர் இல்லாத கடலில் அதை வானத்திலிருந்துதான் வாங்க வேண்டும். தடையில்லாத வானத்தில் ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் இறங்க அரை நிமிடம், முழுப் பட்டியலும் இறங்க பன்னிரண்டரை நிமிடம். கேபின் கூரைக்குக் கீழே இன்னும் இழுக்கும். அதற்குள் படம் எடுத்தால், சில கேமராக்கள் கடைசியாகத் தெரிந்த பழைய இடத்தையே எழுதிவிடும். நடுக்கடலில் எடுத்த படம் துறைமுகத்தைக் காட்டும். வலையை இழுத்தெடுத்த இடத்தில் எடுத்தது இரண்டு மணி நேரத்துக்கு முன் கடந்த இடத்தைக் காட்டும். ஆதாரப் படம் எடுக்கும் முன் மேல்தளத்தில் நின்று ஏதாவது ஜிபிஎஸ் செயலியைத் திறந்து, எண் நிலைக்கும்வரை பொறுத்து, பிறகுதான் கேமராவைத் திறக்க வேண்டும். அதோடு படகின் ஜிபிஎஸ் திரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் திரைப் படம் மூலத் தொகுப்பை விட்டு வெளியே போகவே கூடாது.

அடுத்த தவறு எண்ணைப் படிப்பதில். படகுக் கருவி 9 டிகிரி 17.250 நிமிடம் என்று காட்டும். போனோ அதே இடத்தை 9.2875 டிகிரி என்று காட்டும். கருவியின் எண்ணை 9.17250 டிகிரி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் படகு ஏறக்குறைய 12.8 கிலோமீட்டர், அதாவது 7 கடல் மைல் தெற்கே தள்ளிப்போய்விடும். ராமேசுவரத்து அட்சரேகையில் இந்தப் பிழை சின்ன விஷயம் இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வகுத்த இந்திய-இலங்கை எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் படகு நின்றது என்பதே மாறிவிடும் தூரம் அது. எழுதும்போது ‘டிகிரி’, ‘நிமிடம்’ என்ற சொற்களைச் சேர்த்தே எழுத வேண்டும்.

நேரமும் இப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதிப் படகுகள் மாலத்தீவுப் பக்கமும் ஓமான் பக்கமும் போகும். தானாக நேரம் மாறும் வசதி திறந்திருக்கும் போன் மாலத்தீவு டவரைப் பிடித்தால் அரை மணி நேரம் பின்னால் போகும். ஓமான் டவர் என்றால் ஒன்றரை மணி நேரம். இரண்டு போன்களின் படங்களை ஒன்றாக அடுக்கினால் விபத்துக்குப் பின் எடுத்த படம் முன்னால் வந்து நிற்கும். கிளம்பும்போதே நேரத்தைக் கையால் இந்திய நேரத்துக்கு வைத்து, தானியங்கி வசதியை அணைத்துவிட வேண்டும். படகின் ஜிபிஎஸ் உலகப் பொது நேரத்தைக் காட்டினால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூலப்படத்தைப் பூட்டிவைப்பது

கரைக்கு வந்ததும் ஸ்ராங்கின் போனிலிருந்து கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு நகலெடுப்பதுதான் சரி. 12 மெகாபிக்சல் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி. இருநூறு படம் என்றாலும் 1 ஜிபியைத் தாண்டுவது அரிது. வீடியோதான் இடம் அடைக்கும்: முழு எச்டியில் ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி. 64 ஜிபி பென்டிரைவ் இரண்டு போதும். ஒன்று உரிமையாளரிடம், ஒன்று தொழிலாளர் பக்கம் நம்பும் ஒருவரிடம். இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும் என்பேன். விபத்து, பங்குத் தகராறு, சம்பள பாக்கி என்று வரும்போது படம் முழுக்க ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தால் அது காணாமல் போகும். யாரும் அழித்ததாக ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

நகலெடுத்த அன்றே முக்கியமான கோப்புகளுக்கு ஹாஷ் எண் எடுத்துவைக்க வேண்டும். எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது முழுவதும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணைக் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் இரண்டு பகுதி உண்டு: ஒன்றை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும், மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவியின் மாடலையும் ஐஎம்இஐ போன்ற அடையாள எண்ணையும் எழுத வேண்டியிருப்பதால், எந்தப் போனில் எடுத்தது என்பதையும் அன்றைக்கே குறித்துவைக்கலாம். வாட்ஸாப்பில் சுற்றி வந்த படத்தின் ஹாஷ் மூலத்தோடு ஒத்துப்போகாது. காப்பீட்டு சர்வேயருக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவர் பாதி வழக்கைத் தோற்றுவிட்டுத்தான் தொடங்குகிறார்.

பகிர்வுப் படத்தைச் செய்யும்போது

மூலத்தின் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல், ஒரு கோப்புறையில் உள்ள எல்லாப் படத்திலும் ஜிபிஎஸ் பகுதியை மட்டும் நீக்கும். ஆனால் அது இயல்பாகவே பழைய கோப்பை ‘ஒரிஜினல்’ என்ற வாலோடு அதே கோப்புறையில் விட்டுவைக்கும். கோப்புறையை அப்படியே தூக்கி அனுப்பினால் நீக்கியதும் நீக்காததும் சேர்ந்து போகும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

முகத்தையோ திரையையோ மறைக்க முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். லேசாக மங்கலாக்குவதும், ஹைலைட்டர் பேனாவால் பலமுறை தேய்ப்பதும் போதாது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். சில செயலிகள் பெரிய படத்தை வெட்டிவிட்டு, எக்ஸிஃபுக்குள் இருக்கும் சிறு முன்னோட்டப் படத்தை வெட்டாமல் விட்டுவிடும். வெட்டிய பகுதி மீண்டும் வெளிவந்ததற்கு நடந்த உதாரணமே உண்டு: கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து வெட்டிய பகுதியை மீட்க முடிந்தது 2023-இல் தெரியவந்து, அதன் பிறகே சரிசெய்யப்பட்டது. திருத்திய படத்தைத் திரையில் முழுதாக விரித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வெட்டாமல் அனுப்புவது எளிய வழி.

பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணையும் கவனிக்க வேண்டும். அது படகையும் உரிமையாளரையும் நேரே காட்டிக்கொடுக்கும். துறைமுகத்துக்கு வரும் முன்பே பெரிய மீன்பாட்டின், அதாவது பிடிபட்ட மீனின், படம் வெளியே போனால், ஏலத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் விலை பேசிக்கொண்டு வர நேரம் கிடைத்துவிடும். கூறல் மாதிரி விலை உயர்ந்த மீன் என்றால் இது இன்னும் கூர்மை. மீன்பாட்டின் படம் ஏலம் முடிந்த பிறகே வெளியே என்பது படகில் எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய விதி, ஏனென்றால் விலை குறைந்தால் எல்லார் பங்கும் குறையும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். போட்டியாளரிடமிருந்து பாரை மறைப்பது தொழில் ரகசியம். தடைக்காலத்தில் பிடித்ததையோ, கரையோரத்தில் நாட்டுப்படகுகளின் இடத்தில் வலை இழுத்ததையோ மறைக்கத் தேதியையும் இடத்தையும் மாற்றுவது மோசடி. மூலத்தைத் திருத்தாமல் வைத்திருக்கும் பழக்கம் அதற்கு இடமே கொடுக்காது.

ஆட்கள்

பெரும்பாலான விசைப்படகுகளில் கழிப்பறை இல்லை. குளிப்பது, உடை மாற்றுவது, ஒதுங்குவது எல்லாம் படகின் பின்பக்கத்தில், எல்லார் கண்ணெதிரே. விளையாட்டாக எடுத்த வீடியோ குற்றமாவது இங்கேதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதையோ பரப்புவதையோ தண்டிக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளாடையோடு இருந்தாலும் பொருந்தும். பின்பக்கத்தைக் கேமரா கூடாத இடம் என்று அறிவித்துவிட வேண்டும், படகை வீடியோ எடுத்து யூடியூபில் போடுபவருக்கும் சேர்த்து.

சம்மதம் கேட்பதில் ஒரு நேர்மை வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சொந்த, குடும்ப உபயோகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உரிமையாளரோ நிறுவனமோ தொழிலுக்காகச் சேர்த்துவைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், முன்பணம் வாங்கி ஏறிய தொழிலாளி ‘என்னை எடுக்காதீங்க’ என்று ஓனரிடம் சொல்லுவாரா? ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களுக்கு நாம் என்ன கேட்கிறோம் என்பதே புரியாமல் இருக்கலாம். அதனால் வாய்ச் சம்மதத்தை மட்டும் நம்பாமல், முகம் வராமல் எடுப்பதையே வழக்கமாக்க வேண்டும். கை, முதுகு, வலை, ரோப், தளம்: வேலையைக் காட்ட இவை போதும். முகம் வேண்டும் என்றால் அந்த ஆளிடம் படத்தைக் காட்டி, எங்கே போகும் என்று அவர் மொழியில் சொல்லி, அதற்கு மட்டும் சம்மதம் வாங்க வேண்டும்.

கரையில் ஒரு விதிவிலக்கு உண்டு. படகில் ஏறும் ஒவ்வொருவருடைய தெளிவான முகப் படமும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் கரையில் ஒருவரிடம் இருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு கன்னியாகுமரி மாவட்டக் கிராமங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காக ஆதார் அட்டையின் முழுப் படத்தை வாட்ஸாப் குழுவில் போடக் கூடாது. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அந்த ஆள் படகு மாறினால் அவருடைய படமும் நகலும் அழிக்கப்பட வேண்டும்.

விபத்தில் காயம் பட்டவரின் படம் மருத்துவருக்கும் காப்பீட்டுக்கும் மட்டும், ஒரே ஒருவர் போனிலிருந்து. ரோப் சுற்றும் இயந்திரமான வின்ச்சிலோ ரோப்பிலோ சிக்கியது என்றால் ஆளை விடுவித்து முதலுதவி கொடுத்த பிறகு, பொருள்களை நகர்த்தும் முன் முழுத் தளம், பழுதான பாகம், பாகத்தின் எண், பக்கத்தில் அளவுகோல், கடைசியாக ஜிபிஎஸ் திரை என்ற வரிசையில் எடுக்க வேண்டும். இறப்பு நேர்ந்தால் எந்தக் குழுவிலும் எந்தப் படமும் போகக் கூடாது. கணவன் இறந்ததை மனைவி வாட்ஸாப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமை நம் கடற்கரையில் இனி நடக்கக் கூடாது. ஸ்ராங்கு முதலில் துறைமுகத்துக்கும் காவல்துறைக்கும் சொல்லி, ஊர்ப் பெரியவர் ஒருவர் நேரில் வீட்டுக்குப் போன பிறகே மற்றதெல்லாம்.

வலையில் சிக்கிய உயிர்கள்

திமிங்கலச் சுறா, கடல் ஆமை, கடற்பசு போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. தெரியாமல் சிக்கியதைப் படம் எடுத்தால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் நியாயமானது. தளத்தில் கிடக்கும் ஒற்றைப் படம் அப்படித்தான் தோன்றும். அதற்கு மருந்து, முழு வரிசையையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுப்பது: வலையில் சிக்கியிருப்பது, வலையை அறுப்பது, நீந்திப் போவது. குஜராத்தில் திமிங்கலச் சுறாவை விடுவிக்கும் மீனவர்களிடமே கேமரா கொடுத்து, அவர்கள் எடுத்த படத்தின் பேரில் வலைக்கு இழப்பீடு கொடுக்கும் முறை நன்றாக வேலை செய்தது. மகாராஷ்டிரா 2018 முதல் இதே போல 25,000 ரூபாய் வரை கொடுக்கிறது. பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்குப் பாராட்டும் பரிசும் கிடைத்திருக்கின்றன.

இடம் உள்ள மூல வீடியோ வனத்துறைக்கு மட்டும் போகட்டும். பேஸ்புக்கில் போடும் நகலில் இடம் வேண்டாம், இடத்தின் பெயரும் வேண்டாம்; இறைச்சிக்காகத் தேடுபவர்களும் பார்க்கிறார்கள். உயிரினங்களைப் பார்த்த பதிவுகளைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், இடத்தை மறைக்கச் சொன்னால் 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் ஒரு தோராயப் புள்ளியை மட்டும் காட்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுக்கும்போதும் இதைப் பின்பற்றலாம். ஒரு தசமத்தோடு நிறுத்தினால் இடம் சுமார் 11 கிலோமீட்டர் அளவுக்குத்தான் தெரியும், இரண்டு தசமம் என்றால் 1.1 கிலோமீட்டர். அமெரிக்காவில் மீன்பிடிக் கப்பல்களில் பிடிப்பைக் கண்காணித்துப் பதிவு செய்ய ஏறும் பார்வையாளர்கள் சேர்க்கும் தகவல் சட்டப்படி ரகசியம். குறைந்தது மூன்று படகுகளின் தகவலைத் தொகுத்தால்தான் வெளியிடுவார்கள். நம் ஊரில் படகேறி வரும் ஆராய்ச்சியாளரிடமும் இதையே எழுதி வாங்குவது படகுக்காரரின் உரிமை.

அழிப்பது

ஏலப் படங்களுக்கு மூன்று மாதம் போதும். காப்பீட்டுப் படங்கள் பணம் கைக்கு வரும்வரை, வழக்குப் படங்கள் மேல்முறையீட்டுக் காலமும் முடியும்வரை. குழுவில் மறையும் செய்தி வசதியை 7 நாளுக்கு வைக்கலாம். ஆனால் கேலரியில் தானாகச் சேர்வதை ஒவ்வொருவரும் தன் போனில் அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி மறைந்தாலும் படம் கேலரியில் இருக்கும். ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தை வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவிடாது, இன்னொரு போனால் எடுப்பதை அதனால் தடுக்க முடியாது. ‘எல்லாருக்கும் நீக்கு’ சுமார் இரண்டு நாள் வரைதான் செல்லும். கூகுள் போட்டோஸில் நீக்கிய படம், மேலேறியதாக இருந்தால் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். பகிர்ந்த லிங்க் இருந்தால் அதைத் தனியாக மூட வேண்டும்.

போனை விற்கும் முன் கணக்கை வெளியேற்றி முழுதாக ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டை மட்டும் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது வேண்டாம்: சாதாரண ஃபார்மேட் செய்த கார்டிலிருந்து படங்களை இலவச நிரல்களே மீட்டுவிடும். கார்டு முழுவதையும் வேறு கோப்புகளால் ஒருமுறை நிரப்பி மறுபடி ஃபார்மேட் செய்வது ஒரு வழி. ஆதார் நகலோ காயம் பட்டவர் படமோ இருந்த கார்டு என்றால் விற்காமல் உடைத்துவிடுவதே நல்லது.